விண்மீன் ஆண்டும் பருவ ஆண்டும்

சைவ நன்மக்கள் விரதங் காக்கும்போதும் திருவிழாக் காணும்போதும் முதற்கண் நாடுவது பஞ்சாங்கம். திருவாதிரை எந்நாள், சிவராத்திரி எந்நாள், பிரதோஷம் எந்நாள் என்பதனை அதுகொண்டே துணிகின்றனர். அங்ஙனம் துணியப் புகுந்தார்க்குச் சிலபோது ஓரிடர் நேர்கின்றது. ஒரு பஞ்சாங்கம் ஒரு நாளைக் குறிக்க, மற்றொன்று அதன் முன்னாளையோ பின்னாளையோ குறிக்கின்றது. வானத்திலுள்ள ஞாயிறும் திங்களும் ஒன்றேயாக, விரத நாள் இரண்டாயது எங்ஙனம் என்று அன்பர்கள் வினவுகின்றனர். இஃது ஒருபுறமிருக்க, தைத்திங்கள் முதல்நாளை உத்தராயண புண்ணிய காலம் என்று நாம் போற்றி வருகின்றோம். பள்ளியிற் பயிலும் சிறுவரோ, ஞாயிறு வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22 ஆம் நாளே என்று கற்று வந்து பெற்றோரை வினவுகின்றனர். பெற்றோர் விடைகாணாது வாளா இருக்கின்றனர், அல்லது சிறுவரை அடக்குகின்றனர். இரண்டும் செய்யத்தக்கன அல்ல.

இவ்விரு வினாக்களும் தம்முள் வேறானவை. அவற்றை ஒன்றெனக் கொண்டு மயங்குதலாலேயே பஞ்சாங்க வழக்கு முடிவுறாது நீள்கின்றது. அவற்றை வரலாற்று முகத்தாற் பிரித்துக் காட்டுதலே இச்சிறு கட்டுரையின் கருத்தாகும்.

காலம் என்பது முப்பத்தாறு தத்துவங்களுள் ஒன்று என்பதும், அசுத்த மாயையினின்று தோன்றி வித்தியா தத்துவம் ஏழனுள் வைத்தெண்ணப்படுவது என்பதும், அது சடம் என்பதும் சித்தாந்த நூல் கற்றார் அறிவர். நாம் எண்ணும் நாளும் மாதமும் ஆண்டும் அத்தத்துவமே ஆகா. அதனை அளத்தற்பொருட்டு மக்கள் வகுத்துக்கொண்ட அளவைகளே ஆம். இவ்வளவைகளுக்கு அடிப்படை மூன்று இயக்கங்கள்: நிலவுலகம் தன்னைத் தான் சுற்றுதலால் நாளும், திங்கள் நிலவுலகைச் சுற்றுதலால் மாதமும், நிலவுலகம் ஞாயிற்றைச் சுற்றுதலால் ஆண்டும் உண்டாகின்றன. இம்மூன்றும் ஒன்றையொன்று மீதமின்றி வகுப்பனவல்ல. பன்னிரண்டு பிறைத் திங்கள் கூடினால் ஏறக்குறைய 354 நாள். ஓராண்டோ 365 நாளும் அதன்மேற் கால் நாளளவும் ஆகும். எந்நாட்டுப் பஞ்சாங்க வரலாறும் இந்த மீதியைச் சரிக்கட்ட முயன்ற வரலாறே எனலாம்.

இனி, ஆண்டு என்பதுதானும் ஒன்றன்று, இரண்டு. ஞாயிறு ஒரு விண்மீனை விட்டு நீங்கி மீண்டும் அவ்விண்மீனை அடையும் காலம் ஓராண்டு. இது 365 நாள் 6 மணி 9 நிமிடம் 10 விநாடி. இதனை விண்மீன் ஆண்டு என்போம். வடநூலார் நிரயணம் என்பர். இரவும் பகலும் ஒத்த விஷுவ நாளினின்று மீண்டும் அந்நாள் வரும் காலம் மற்றோராண்டு. இது 365 நாள் 5 மணி 48 நிமிடம் 45 விநாடி. மழையும் பனியும் வேனிலும் இதனைப் பற்றியே வருதலின் இதனைப் பருவ ஆண்டு என்போம். இது சாயனம் எனப்படும். இரண்டிற்கும் வேற்றுமை ஏறக்குறைய 51 விநாழிகை, அஃதாவது 20 நிமிடத்திற்குச் சற்று மிகுதி.

இவ்வேற்றுமை எதனால் வந்தது? சுழலும் பம்பரம் தளர்வுறுங்கால் அதன் தலை மெல்ல வட்டமிடுதல் கண்கூடு. நிலவுலகின் அச்சும் அங்ஙனமே, ஞாயிறு திங்கள்களின் ஈர்ப்பினால், ஏறக்குறைய 25,800 ஆண்டிற்கு ஒருமுறை வட்டமிடுகின்றது. அதனால் விஷுவத் தானம் விண்மீன்களினூடே 72 ஆண்டிற்கு ஒரு பாகை வீதம் பின்னிடுகின்றது. இதனை அயனசலனம் என்பர். ஓராண்டிற்கு 51 விநாழிகை சிறிதேயாயினும், அது 71 ஆண்டிற் கூடி ஒரு நாளாகிவிடுகின்றது. ஆகவே, ஒரு பஞ்சாங்கம் விண்மீனைப் பற்றி நிற்றல் கூடும், பருவத்தைப் பற்றி நிற்றல் கூடும். இரண்டையும் ஒருங்கே பற்றி நிற்றல் இயலாது. ஒன்றைப் பற்றினார் மற்றதனைக் கைவிட்டே தீர்வர்.

பருவத்தைப் பற்றினாரது வரலாற்றை முதலிற் காண்போம். உரோம நாட்டில் சூலியஸ் சீசர் கி. மு. 46 ஆம் ஆண்டிற் பழைய கணக்கின் சீர்கேட்டை ஒழிக்கப் புகுந்தபோது, அவ்வோராண்டை மட்டும் 445 நாளாக நீட்ட வேண்டியதாயிற்று. அதன்பின் ஆண்டு 365¼ நாள் எனக் கொண்டு, நான்காண்டிற்கு ஒருமுறை ஒரு நாள் கூட்டும் முறையை அவர் நிறுவினார். இஃது எளிய முறையே. ஆயினும் பருவ ஆண்டினும் 11 நிமிடம் மிக்கது. அம்மிகுதி 128 ஆண்டிற்கு ஒரு நாளாகும். கிறித்தவர் தம் தலைவர் உயிர்த்தெழுந்த திருநாளை மார்ச்சு 21 ஆம் நாளை ஒட்டிக் கணக்கிட்டு வந்தனர். அந்நாள் கி. பி. 325 இல் நைசியாப் பேரவை கூடிய காலத்தில் விஷுவ நாளாய் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டிலோ வானத்து விஷுவம் மார்ச்சு 11 ஆம் நாளுக்குச் சென்றுவிட்டது. திருநாள் தன் பருவத்தை விட்டு நழுவியது கண்டு சமயத் தலைவர்கள் கவலையுற்றனர்.

லூயிஜி லிலியோ என்னும் மருத்துவர் ஒரு திருத்தம் வகுத்தார். கிளாவியஸ் என்னும் கணித வல்லுநர் அதனை விளக்கி நிலைநாட்டினார். போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரெகோரி 1582 ஆம் ஆண்டு பிப்ரவரி 24 ஆம் நாள் ஆணை பிறப்பித்தார். அதன்படி அவ்வாண்டு அக்டோபர் 4 ஆம் நாளுக்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. நடுவிற் பத்து நாள் எண்ணப்படாது ஒழிந்தன. மேல்வருங் காலத்து 400 ஆண்டிற்கு மூன்று மிகுநாட்களை விடுக்கவும் விதி செய்யப்பட்டது. இவ்விதியின் பிழை ஒரு நாளாதற்கு மூவாயிரம் ஆண்டிற்கு மேற் செல்லும். ஸ்பெயின் நாட்டுத் தவச்செல்வியாராகிய தெரசா அம்மையார் உயிர் நீத்தது அவ்வக்டோபர் 4 ஆம் நாள் இரவு. அடக்கஞ் செய்தது மறுநாள், அஃதாவது அக்டோபர் 15. இன்றும் அவர்தம் அடியார்கள் 15 ஆம் நாளையே அவர் திருநாளாகக் கொண்டாடுகின்றனர். எண் பத்து தாவியதேயன்றி ஒரு பொழுதும் இழக்கப்படவில்லை. நாள் வேறு, நாளுக்கு இட்ட எண் வேறு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

கணிதம் தெளிவாயிருப்பினும் அதனை எல்லாரும் உடனே ஏற்றிலர். ஆணை போப்பாண்டவரிடமிருந்து வந்தமையின், அவரை ஏலாத நாடுகள் நெடுங்காலம் மறுத்தன. இங்கிலாந்து 170 ஆண்டு கழித்து, 1752 இல், செப்டம்பர் 2 ஆம் நாளின் மறுநாளை 14 எனக் கொண்டு இணங்கியது. உருசிய அரசு 1918 இல் இணங்கியது. உருசியத் திருச்சபை இன்றும் பழைய கணக்கையே கைக்கொண்டு, கிறித்துமசு விழாவை மற்றையோரது சனவரி 7 ஆம் நாளில் நடத்துகின்றது.

இவ்வேற்றுமை நம் நாட்டு வரலாற்றிலும் புகுந்துள்ளது. 1746 இல் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைக் கைப்பற்றினர். ஆங்கிலேயர் ஏடுகளில் அக்கோட்டை பணிந்த நாள் செப்டம்பர் 10. புதுச்சேரியார் கணக்கில் அதே நாள் செப்டம்பர் 21. நூறு மைலுக்கு உட்பட்ட இரு கடற்கரை ஊர்களுக்கிடையே பதினொரு நாள் வேற்றுமை! இதனை அறியாது அக்காலத்து ஏடுகளை ஒப்புநோக்குவார், கோட்டை இருமுறை வீழ்ந்ததாகவும் எண்ணக்கூடும்.

இனி நம்மவர் பற்றியது எது என்று காண்போம். நம்மவர் விண்மீனைப் பற்றினர். அது தற்செயலாய் நேர்ந்ததன்று. நம் திங்கட் பெயர்களை நோக்குக. முழுமதி சித்திரை நாண்மீனை அடுத்து நிற்குந் திங்கள் சித்திரை. விசாகத்தை அடுத்து நிற்குந் திங்கள் வைகாசி. கார்த்திகையை அடுத்து நிற்குந் திங்கள் கார்த்திகை. திருக்கோயில் விழாக்களும் அங்ஙனமே திங்களும் நாண்மீனும் கூடிய கூட்டத்திற்கு உரியன. ஆளுடைய பிள்ளையார் ஏழாம் நூற்றாண்டில் மயிலையிற் பூம்பாவையை நோக்கி அருளிய திருப்பதிகத்தில் ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்னும் விழாக்கள் நிரலே பேசப்படுகின்றன. பதின்மூன்று நூற்றாண்டு கழிந்தும் இவ்விழாக்கள் அதே திங்களில் அதே நாண்மீனில் வருகின்றன. விண்மீன் ஆண்டைப் பற்றி நின்றதன் பயன் இதுவே.

நாமும் உரோமரைப் போலப் பருவ ஆண்டைப் பற்றி, தை முதல்நாளை டிசம்பர் 22 ஆம் நாளுக்கு இழுத்துக் கட்டினால் யாது நேரும்? கார்த்திகைத் திங்கள் அக்டோபர் 23 அளவில் தொடங்கும். அப்போது ஞாயிறு நிற்கும் இடத்திற்கு நேர் எதிரே முழுமதி பெரும்பான்மையும் அசுவினியிலும் பரணியிலும் நிற்குமேயன்றிக் கார்த்திகையில் நில்லாது. அண்ணாமலைத் தீபம் தன் நாண்மீனை இழக்கும். தைப்பூசமும் மாசி மகமும் முழுமதியோடு கூடுதல் அரிதாகும். ஆதலின் நம் முன்னோர் கொண்ட பற்று, விழாக்களின் அடிப்படையையே காப்பது என்று உணர்க.

ஆயினும் அதற்கு ஒரு விலை உண்டு. அவ்விலை பருவம். கி. பி. மூன்றாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, ஞாயிறு மகர ராசியிற் புகும் நாளும் வடக்கு நோக்கித் திரும்பும் நாளும் ஒன்றாயிருந்தன. அக்காலத்தார் தை முதல்நாளை உத்தராயணத் தொடக்கம் என்றது கண்கூடாகிய உண்மை. பின்னர் 71 ஆண்டிற்கு ஒரு நாளாக அவை பிரியத் தொடங்கி, இன்று 24 நாளளவு விலகி நிற்கின்றன. இன்னும் இரண்டாயிரம் ஆண்டு செல்லின், பொங்கல் பிப்ரவரி நடுவிலும் சித்திரைப் பிறப்பு மே நடுவிலும் வரும். ஆகவே சிறுவர் கற்று வந்தது மெய். நாம் போற்றுவதும் பொருளுடையது. தை முதல்நாள் மகர சங்கிராந்தி. ஞாயிறு அந்த விண்மீன் கூட்டத்திற் புகும் நாள். வானத்து வடசெலவு அதற்கு மூன்று வாரத்திற்கு முன்னரே தொடங்கிவிடுகின்றது. இங்ஙனம் பகுத்துக் கூறின், சிறுவரது அறிவும் கெடாது, பெரியோரது வழிபாடும் கெடாது. இது முதல் வினாவிற்கு விடை.

இரண்டாம் வினா, வாக்கியம் திருக்கணிதம் என்னும் இருவகைப் பஞ்சாங்கம் பற்றியது. இவ்விரண்டும் விண்மீன் ஆண்டையே பற்றியவை. ஆதலின் இவற்றின் வழக்கு எதனைப் பற்றுவது என்பதன்று. பற்றியதனைச் செவ்வனே கணிப்பது எங்ஙனம் என்பதே. வாக்கிய முறை வரருசி பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்களை அடிப்படையாகக் கொண்டது. எழுத்துக்களுக்கு எண் வகுத்து, ஒவ்வொரு நாளுக்குரிய திங்களின் நிலையைச் சிறு சொற்றொடராக மனப்பாடஞ் செய்யும் அரிய முறை இது. 248 நாளிற் திங்கள் தன் நெறியில் நிலவுலகிற்கு அண்மையான இடத்தை ஒன்பது முறை அடைந்துவிடுதலின் அவ்வெண் கொள்ளப்பட்டது.

இம்முறையின் ஆற்றலுக்கு ஒரு சான்று தருவோம். ஜான் வாரன் என்பார் 1825 இல் சென்னையில் வெளியிட்ட காலசங்கலிதம் என்னும் நூலில், புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையிற் சோழிகளை வைத்து, வாய்பாடுகளை நினைவினின்றே எடுத்து, அவ்வாண்டு மே 31 ஆம் நாள் இரவு நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்த செய்தி உள்ளது. கிரகணத் தொடக்கத்திற்கு அவர் கூறிய காலத்தில் 4 நிமிடமும், நடுவிற்கு 23 நிமிடமும், முடிவிற்கு 52 நிமிடமுமே பிழை. எழுதுகோலும் தாளும் இன்றி இவ்வளவு நுட்பமாய்க் கணித்த மரபினை எள்ளுதல் அறியாமையாகும்.

அங்ஙனமாயின் பிழை எங்குள்ளது? திங்களின் செலவில் திரிபுகள் பல. அவற்றுள் முதன்மையானதொன்றையே வாக்கியம் கொள்கின்றது. அதன் பேரளவு ஏறக்குறைய 5 பாகை. இவ்வளவு அமாவாசையிலும் பௌர்ணமியிலும் நன்கு பொருந்தும். பண்டையோர் கிரகணங்களைக் கண்டே அதனை அறுதியிட்டனர் ஆதலின், பொருந்துதல் இயல்பே. ஆனால் ஞாயிற்றின் ஈர்ப்பினால் இத்திரிபு அட்டமியை ஒட்டி 7½ பாகை வரை மிகுகின்றது. ஆகவே அட்டமியளவில் வாக்கியக் கணிதம் 2½ பாகை வரை பிழைபடக்கூடும். திங்கள் ஞாயிற்றை விட்டு நாளொன்றுக்கு 12 பாகையளவு விலகுதலின், இப்பிழை 12 நாழிகை, அஃதாவது ஐந்து மணி நேரம் வரை ஆகும். கிரகணத்தில் ஒத்திருக்கும் இரு பஞ்சாங்கமும் இடைப்பட்ட திதிகளில் மாறுபடுதற்கு இதுவே காரணம்.

திதி 60 நாழிகையினும் ஐந்து மிகலாம், ஆறு குறையலாம் என்பது பழைய வழக்கு. இதனைப் பாண விருத்தி, இரச க்ஷயம் என்பர். திருக்கணிதத்திலோ திதி 67 நாழிகை வரை நீளும், 50 நாழிகை வரை சுருங்கும். விரத விதிகளும் சிராத்த விதிகளும் பழைய எல்லையை உட்கொண்டு எழுந்தவை. ஆதலின் வாக்கியமே கொள்ளத்தக்கது என்பர் ஒருசாரார். அவர் கூற்று ஆராய்தற்குரியதே. எனினும், திதி என்பது ஞாயிறு திங்கள்களின் இடைத்தொலைவு என்று அவ்விதி நூல்களே கூறுதலின், அத்தொலைவு உண்மையில் யாதோ அதனையே அவை வேண்டின என்று கோடல் பொருத்தமுடைத்து.

திருக்கணிதம் மேனாட்டாரிடமிருந்து வந்த புதுமை என்று வெறுப்பாரும் உளர். அது தவறு. இப்பெயரிலுள்ள திருக்கு என்பது காட்சி என்னும் பொருட்டாய வடசொல்லின் திரிபு. கண்ட காட்சியோடு ஒத்த கணிதம் என்பதே பொருள். கேரளத்துப் பரமேசுவரர் என்னும் பேரறிஞர் பல்லாண்டு கிரகணங்களை நோக்கி, பழங்கணிதம் காட்சியோடு ஒவ்வாமை கண்டு, 1431 இல் இப்பெயராலேயே ஒரு நூல் இயற்றினார். அதற்கும் ஐந்நூறாண்டு முன்னர், 932 இல், முஞ்சாலர் என்பார் இலகுமானசத்தில் திங்களுக்கு இரண்டாந் திரிபு ஒன்றனை வகுத்தார். பிற்காலத்தில் சென்னை வானாராய்ச்சி நிலையத்திற் பணியாற்றி, 1867 இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த சிந்தாமணி இரகுநாதாசாரியார், காட்சியோடு ஒத்த பஞ்சாங்கத்தைத் தாமே கணித்து வெளியிட்டு அதன் பொருட்டு வாதிட்டார். காட்சி கண்டு கணிதம் திருத்துதல் நம் மரபிற்கு அயலன்று என்பது இவற்றாற் பெறப்படும்.

திருத்தாமையால் நேரும் வேற்றுமை கோள்களிடத்து இன்னும் மிகுதி. திருநள்ளாற்றுத் திருக்கோயிலில் சனிப்பெயர்ச்சி வாக்கியப்படி 2023 டிசம்பர் 20 ஆம் நாள் நடந்தது. திருக்கணிதப்படி அப்பெயர்ச்சி அவ்வாண்டு சனவரி 17 ஆம் நாளே நிகழ்ந்துவிட்டது. பதினொரு திங்கள் இடையீடு! அடியார் பல்லாயிரவர் வந்து வழிபட்ட அந்நாளின் அன்பு வீணாயிற்றென்று யாம் கூறேம். ஆனால் கோள் புகுந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் அன்று கோள் புகுந்ததா என்று ஒருவன் வினவின், ஆம் என்று கூறவும் ஒல்லாது.

இந்திய அரசு 1952 இல் மேகநாத சாகா தலைமையில் ஒரு பஞ்சாங்கத் திருத்தக் குழுவை அமைத்தது. நாட்டில் முப்பதளவான ஆண்டுக் கணக்குகள் வழங்குதலை அது கண்டது. 1955 இல் வந்த அதன் அறிக்கையின் வழியே 1957 மார்ச்சு 22 ஆம் நாள், பருவ ஆண்டைப் பற்றிய தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. சமயத் திங்கள்களுக்கும் அக்குழு ஒரு சமன் கூறியது: அயன வேற்றுமையை 23 பாகை 15 கலையில் நிறுத்திக்கொண்டு, பருவம் மேலும் நழுவாமற் காக்கலாம் என்றது. நம் பஞ்சாங்கங்கள் அதனை ஏற்றில. நழுவாத பருவத்தின்பொருட்டு, நூற்றாண்டு தோறும் நாண்மீனை நழுவவிடுதலே அதன் முடிவாதலின், திருக்கோயில் வழக்கிற்கு அஃது இயையாமை மேற்கூறியவாற்றால் விளங்கும்.

இதுகாறும் கூறியவற்றால் துணியப்படுவன இவை. விண்மீன் ஆண்டைப் பற்றி நிற்றல் நம் விழாக்களின் உயிர்நிலை, அதனைக் கைவிடற்க. அங்ஙனம் பற்றியதனால் பருவம் விலகியதை மறையாது உரைக்க. பற்றிய விண்மீன் வழியையே காட்சியோடு ஒப்பக் கணித்தல் மரபிற்கு மாறன்று, அதனை அஞ்சற்க. இங்கிலாந்து நாட்டார் சொன்னவர் யார் என்று நோக்கிச் சொன்ன கணிதத்தை 170 ஆண்டு மறுத்தது போல நாமும் செய்தல் வேண்டா. அதுவரை தனியடியார் ஒருவர் செய்யத்தக்கது யாது எனின், தம் ஊர்த் திருக்கோயில் கொண்ட நாளையே தாமும் கொண்டு, அடியாரோடு கூடி வழிபடுதலாம். இரு நாளும் தாமே வேறாக நோற்று, ஊரோடு பிணங்குதலால் ஒரு பயனும் இல்லை.

திருக்கடவூரிற் காலனைத் தண்டித்து அடியவரைக் காத்த இறைவன் காலத்திற்கு உட்பட்டவன் அல்லன். நாழிகை பிழைத்தது என்று அவன் அன்பரது வழிபாட்டைத் தள்ளான். ஆயினும், நாம் குறித்து அழைக்கும் நாள் மெய்யாதல் வேண்டும் என்னும் கவலை அடியார்க்குரிய கடப்பாடே. ஆகம வல்லாரும் கணித வல்லாரும் திருக்கோயிற் பொறுப்பாளரும் ஓரவையிற் கூடி, திருவாதிரைக்கும் சிவராத்திரிக்குமேனும் எல்லாத் தலங்களுக்கும் ஒரு நாள் துணிவார்களாக.